முதல் டைரக்டரி

கர்ர்... கர்ர்... என்று பிரிண்டர் இழுக்கும் சத்தம் மாடிப்படியிலேயே கபீருக்குக் கேட்டது. ஃபேரர் பார்க் ஆபீஸில் சனிக்கிழமை காலை ஏழு மணிக்குச் சத்தம் வந்தால், நைட் ஷிப்டில் கம்ப்யூட்டர் டேப் மாற்றும் சிலுவைராஜ் இன்னும் வீட்டுக்குக் கிளம்பவில்லை என்று அர்த்தம்.

நல்லதாகப் போயிற்று. வார்னிங் லெட்டரை நேரிலேயே கொடுத்துவிடலாம்.

அஹமது கபீர் புது மேனேஜர். லண்டன் பட்டம். சிலுவைராஜ் புரோகிராமிங் படித்ததோ குவீன்ஸ்டவுன் நூலகத்தில், இரவல் புத்தகத்தில்.

"பில்ட் ஃபைல்ல உங்க டைரக்டரிய முதல்ல போட்டது யாரு?"

"நான்தான் சார்." சிலுவைராஜ் பிரிண்டர் தாளின் ஓட்டை ஓரங்களைக் கிழித்துக்கொண்டிருந்தார். புரோகிராமின் துண்டுகளை எந்தெந்த டைரக்டரியில் எந்த வரிசையில் தேட வேண்டும் என்று சொல்வதுதான் பில்ட் ஃபைல்.

"அளவெல்லாம் எழுதியிருக்கிற ஹெடர் ஃபைலை கம்பைலர் முதல் டைரக்டரியிலதான் தேடும். அங்க கிடைச்சுட்டா அடுத்ததைத் திரும்பிக்கூடப் பார்க்காது. தெரியுமா?"

"தெரியும் சார்."

"தெரிஞ்சுதான், என் ஃபைல் பேர்லயே ஒண்ணு எழுதி முன்னாடி சொருகிட்டீங்க. டேப் மாத்துற ஆளு எனக்கே பாடம் எடுக்குறீங்களா? இந்த வேலை வேணுமா, வேணாமா?"

சிலுவைராஜ் கிழித்த தாளை மடித்து வைத்தார்.

பில்ட் ஃபைலில் சிலுவைராஜின் டைரக்டரி இருந்த வரியை கபீர் அழித்தார். மறுபடி பில்ட் செய்தார். கப்பல் பட்டறை ஆட்களுக்கு கேட் பாஸ் அச்சடிக்கும் புரோகிராம் அது.

"இப்ப பாருங்க, ஒழுங்கா எழுதினா எப்படி ஓடும்னு." தன் முழுப்பெயரையே தட்டினார்.

பாஸ் இங்கிலீஷில் அச்சாகி வந்தது. 'அஹமது கபீர் பின் ஜம.'

அத்தா ஜமால் முகம்மது பாதியிலேயே நின்றுவிட்டார்.

"பேருக்கு, இடைவெளியும் சேர்த்து இருபது இங்கிலீஷ் எழுத்துதான் விட்டிருக்கீங்க சார்," என்றார் சிலுவைராஜ். "லிம், டான்னு சின்னச் சீனப் பேராப் போட்டு டெஸ்ட் பண்ணியிருப்பீங்க. நம்ம ஆளுங்க அப்பா பேரையும் சேர்த்துல்ல வருவாங்க லா. அடையாள அட்டை ஐசியில முழுப் பேரு, பாஸ்ல அரைப் பேருன்னா கேட்ல விடமாட்டான். அதான் என் ஃபைல்ல அறுபது ஆக்கினேன்."

"என் ஃபைல்லயே திருத்தியிருக்கலாமே?"

"அதைத் தொட்டா, யாரோட தப்பு, யார் திருத்தினதுன்னு முதலாளிக்கு ரிப்போர்ட் போயிடும் சார். அடுத்த வாரம்தானே உங்களை வேலையில கன்ஃபர்ம் பண்றாங்க."

கபீர் உட்கார்ந்தார். அழித்த வரியை மறுபடியும் தட்டினார், முதல் இடத்திலேயே.

சிலுவைராஜ் அடுத்த தாளை எடுத்து ஓரம் கிழிக்க ஆரம்பித்தார்.