பிரஸ்ஸல்ஸில் ஒரு காக்காக் கடி

எழுதிப் பழகாதவள் துணிந்துவிட்டேன். வாசிப்போர் பொறுத்தருள வேண்டுகிறேன்.

சீர்வரிசைச் சண்டைக்குப் பிறகு பேச்சை நிறுத்திவிட்ட அக்கா மீனலோசனியை, ஐரோப்பியச் சுற்றுலா முடிவதற்குள் பேசவைத்துவிட வேண்டுமென்று குமுதவல்லி உறுதிபூண்டிருந்தாள். பாரிஸில் நீட்டிய கிரீம் கேக்கை அக்கா ஏறிட்டும் பார்க்கவில்லை. வியன்னாவில் வாங்கித் தந்ததைப் பேருந்து ஓட்டுநருக்குக் கொடுத்துவிட்டாள். பிரஸ்ஸல்ஸ் கடையில், ருசிபார்க்க வைத்த தட்டில் ஒரே ஒரு சாக்லேட் எஞ்சியிருந்தது. குமுதவல்லி மனம் விட்டுப்போய் அதைத் தன் வாயருகே கொண்டுபோனாள்.

“அடியே, தனியாவா முழுங்கப் போற?” என்றாள் அக்கா. “எச்சில் பண்ணிடாதே. காக்காக் கடி கடிச்சுக் குடு!”

குமுதவல்லி சாக்லேட்டைப் பட்டு முந்தானையில் பொதிந்து, துணியோடு சேர்த்துக் கடித்தாள். அக்கா இரு கைகளையும் ஏந்தினாள். ஒரு நாட்டையே பிடித்துவிட்டாற்போல் இருந்தது குமுதவல்லிக்கு.

இழந்தவை: ஒரு பட்டுப்புடவை, ஆம்ஸ்டர்டாமுக்குப் புறப்பட்டுவிட்ட பேருந்து, அதிலிருந்த இருவரின் பெட்டிகள்.