எண்பதில் போனது

ராஜபாண்டி அண்ணன் டிபன் டப்பாவைத் திறந்து, உள்ளே இருந்ததையெல்லாம் என் மேசைமேல் ஒவ்வொன்றாக அடுக்கினார். பத்தொன்பது லேசர் டயோடுகள், லேசர் வெளிச்சம் தருகிற பொட்டளவு பாகங்கள். ஒவ்வொன்றும் தனி பிளாஸ்டிக் கவரில், கவர்மேல் பேனாவால் எண் எழுதி.

இனிமேல் இதெல்லாம் தனக்கு வேண்டாம், என்னையே வைத்துக்கொள்ளச் சொன்னார்.

சாத்தூர்ப் பக்கத்துக்காரர். இங்கே ஒரு பனியன் கம்பெனியில் பிரிண்டிங் மெஷின் ஓட்டுகிறார். வாரத்தில் கிடைக்கிற ஒரே லீவு நாளில் பஸ் ஏறி ராயபுரத்துக்கு என் வீடு தேடி வந்திருக்கிறார், குழுவை விட்டுப் போகிறேன் என்று சொல்ல. வாட்ஸப்பில் ஒரு வரி போட்டிருக்கலாம். அந்த மனுஷனுக்கு அது மரியாதையாகப் படவில்லை.

எங்கள் குழுவில் இருபத்தாறு பேர். எலக்ட்ரீஷியன்கள், பிட்டர்கள், என்னைப் போல எம்ப்ராய்டரி மெஷின் சர்வீஸ் செய்கிறவர்கள். பழைய இரும்புக் கடையில் கிடக்கும் டிவிடி பிளேயரோ, துணிமேல் கோடு காட்டுகிற கட்டிங் டேபிள் விளக்கோ, எதில் லேசர் டயோடு இருந்தாலும் கழற்றிக்கொண்டு வந்து அளப்போம். என்ன நிறம், எத்தனை மில்லி ஆம்பியரில் எரியத் தொடங்குகிறது, எத்தனைக்கு எவ்வளவு வெளிச்சம். எல்லாம் பொதுப் பட்டியலில் ஏறும். இதில் உனக்கு என்ன கிடைக்கிறது என்று என் வீட்டுக்காரர் கேட்காத வாரமில்லை. ஒன்றும் கிடைக்காது. தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

பட்டியலில் கடைசிக் கட்டத்துக்குப் பெயர் 'போனது'.

கரண்டை ஏற்றிக்கொண்டே போனால் ஓரிடத்தில் டயோடு செத்துவிடும். லேசர் போய், மங்கலாக ஒரு வெளிச்சம் மட்டும் மிஞ்சும். எந்த எண்ணில் செத்தது என்று எழுத வேண்டும். அப்போதுதான் அதே ரகம் வைத்திருக்கிற மற்றவர்கள் அதற்குக் கீழே நிறுத்திக்கொள்ள முடியும். ரகத்துக்கு ஒன்றைக் கொன்றுதான் ஆக வேண்டும். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் பட்டியலில் இடமில்லை, எப்பேர்ப்பட்ட டயோடாக இருந்தாலும் சரி.

பட்டியலில் 137-ஆம் எண் நான் ஏற்றியது. மூடிப்போன ஒரு கம்பெனியின் கட்டிங் டேபிளில் இருந்த இரண்டு விளக்குகளில் ஒன்று; மற்றதை எனக்கு முன்பே யாரோ வாங்கிப் போய்விட்டார்கள். சிவப்பும் இல்லை, ஆரஞ்சும் இல்லை. கனகாம்பரத்தைக் கொஞ்சம் அடர்த்தியாக்கின மாதிரி ஒரு நிறம். குழுவில் யாருமே அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. போட்டோ போட்டதும் ஆளாளுக்குக் கைதட்டினார்கள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கடைசிக் கட்டத்தில் 80 என்று எழுதினேன்.

அந்த இரண்டாவது விளக்கை ராஜபாண்டி அண்ணன் பதினொரு மாதம் தேடி, போன வாரம் பல்லடம் ரோட்டில் ஒரு பழைய இரும்புக் கடையில் பிடித்துவிட்டார். மூன்றாவது ஒன்று எங்கேயும் கிடையாது. நேற்று அதைப் பூட்டி, எண்பதுக்கு எட்டுக் குறைவாக எழுபத்திரண்டில் நிறுத்தி நிறத்தை நன்றாகப் பார்க்கலாம் என்று கரண்டை ஏற்றியிருக்கிறார்.

எழுபத்தொன்றில் போய்விட்டது.

சட்டைப் பையிலிருந்து அதை எடுத்து மற்றதோடு சேர்க்காமல் தனியாக வைத்தார்.

"ஒங்களது எண்பது வரைக்கும் தாங்குச்சே, சுபஸ்ரீ மேடம். அப்ப எங் கையிலதான் ஏதோ கோளாறு. எங்கிட்டு தப்புப் பண்ணேன்னு மட்டும் சொல்லிருங்க, போயிர்றேன்."

பிறகு செய்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னார். உடம்பு மின்சாரம் டயோடில் பாயாமலிருக்க மணிக்கட்டில் எர்த் ஒயர் கட்டிக்கொண்டாராம். சால்டர் வைக்கும்போது பிளக்கைக்கூடப் பிடுங்கிவிட்டாராம். மீட்டரை மூன்று முறை சரிபார்த்தாராம். ஒன்று ஒன்றாகத்தான் ஏற்றினாராம். நான் கேட்கக் கேட்கத் தலையைக் குனிந்துகொண்டேன். இருபத்தாறு பேரில் இத்தனை பொறுமையாக அளக்கிற ஆள் வேறு யாரும் இல்லை.

சூடு ஏறியிருக்கும், சூட்டை இழுக்கிற அலுமினியத் துண்டு பத்தாமல் இருந்திருக்கும் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. நம்பிவிடுவார். சரிங்க மேடம் என்று படி இறங்கிப் போய், ஆயுசுக்கும் தன் கையைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பார். சீ, என்ன ஜென்மம் என்று என்மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது.

"தப்பு உங்க மேல இல்லீங்ணா," என்றேன். "அந்தச் சன்னலச் சாத்துங்க."

புரியாமல் எழுந்து சாத்தினார்.

டிராயரின் உள்மூலையில் கைவிட்டு ஊசி டப்பாவை எடுத்தேன். பஞ்சுக்குள் இருந்ததை, டயோடு அளக்கிற சாக்கெட்டில் சொருகி, கரண்டை நாற்பதில் நிறுத்தினேன்.

சுவரில் அந்த நிறம் விழுந்தது.

ராஜபாண்டி அண்ணன் சுவரைப் பார்த்தார். மேசைமேல் செத்துக் கிடந்த தன்னுடையதைப் பார்த்தார். மறுபடி சுவரைப் பார்த்தார்.

எழுபதுவரைகூட நான் ஏற்றியதில்லை என்று சொன்னேன். கொல்ல மனசு வரவில்லை, கட்டம் காலியாக இருந்தால் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள், அதனால் உத்தேசமாக எழுதிவிட்டேன் என்று சொன்னேன். என்னை மன்னிச்சிருங்கண்ணா என்றேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் சுவர்ப் பக்கம் போய், உள்ளங்கையை நீட்டி அந்த வெளிச்சத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். விரல்களை மடக்கி விரித்தார்.

அப்புறம் திரும்பி, கோபமே இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற முகத்தோடு கேட்டார்.

"லிஸ்ட்டுல நீங்க செத்துப்போச்சுன்னு போட்டதுல, இன்னும் எத்தன உசுரோட இருக்கு மேடம்?"

நான் டிராயரை முழுசாக வெளியே இழுத்து மேசைமேல் வைத்தேன்.