பத்து எண்ணும் வரை

கொழுந்தன் தட்டை ஒதுக்கிவிட்டுத் தொண்டையைக் கனைத்தான். ஞாயிற்றுக்கிழமைக் கதை தொடங்கப் போகிறது.

வழக்கமாக இந்த இடத்தில் எழுந்துவிடுவேன். இன்று எழுவதாக இல்லை.

இந்த வீட்டில் எனக்குச் சிடுமூஞ்சி என்று பெயர். அவன் வைத்ததுதான். மூன்று வருடமாக அவன் சொன்ன எதற்கும் நான் சிரித்ததில்லை. அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று உள்ளே போய்விடுவேன். மாமியார் எனக்கு முன்பே அங்கே போயிருப்பார். ஆளுக்கொரு பக்கம் திரும்பி நிற்போம். மகனுக்குப் போயும் போயும் இப்படி ஒருத்தியைக் கட்டிவைத்தோமே என்று அவர் நொந்துகொள்வதாக எனக்கு நினைப்பு.

சிரித்தால் எனக்குச் சிறுநீர் கசியும். அவ்வளவுதான் விஷயம். மகள் பிறந்ததிலிருந்து சிரிப்பு, தும்மல், இருமல் எதுவும் ஆகாது.

பன்னிரண்டு வாரத்துக்கு முன்னால் வெட்கத்தைத் தூக்கிப்போட்டுவிட்டுப் பிசியோதெரபி அம்மாவிடம் போனேன்.

இடுப்பின் முன்னெலும்பிலிருந்து பின்னால் வாலெலும்பு வரை, தூளி கட்டினாற்போலத் தசைகள் இருக்கின்றனவாம். சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் அடியில் தாங்குவது அவைதானாம். பிரசவத்தில் தொய்ந்துவிட்டன. இறுக்கி, மேலே தூக்கி, பத்து எண்ணி, மெல்ல விட வேண்டும்.

சொல்வது சுலபம். முதல் இரண்டு வாரம் வயிற்றையும் தொடையையும் இறுக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இறுக வேண்டியது அது பாட்டுக்குத் தூங்கிக்கொண்டிருந்தது.

நானும் விடவில்லை. எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்கள் எழுத்துப் பலகையைப் படிக்கும்போதெல்லாம் இறுக்கினேன். அவர்கள் கடைசி வரியில் திணறுவார்கள், நான் எட்டில் திணறுவேன். பேருந்து நிறுத்தத்தில் எண்ணினேன். பாத்திரம் கழுவும்போது எண்ணினேன்.

இன்று பேட் வைக்கவில்லை. வேண்டுமென்றே வெளிர் நிற உடை.

கொழுந்தன் துக்கம் விசாரிக்கப் போன கதையைச் சொன்னான். பத்து நிமிடம் தேம்பி அழுத பிறகுதான் மாலை போட்ட படத்தைப் பார்த்தானாம். யாரோ ஒருவர். அவன் போகவேண்டிய வீடு அடுத்த தெருவில் இருந்ததாம். பாதியில் நிறுத்தினால் மரியாதையாக இருக்காது என்று முழுசாக அழுது முடித்துவிட்டு வந்தானாம்.

இறுக்கினேன். தூக்கினேன். வாய்விட்டுச் சிரித்தேன்.

கணவர் என்னைப் புது ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கண்ணில் மட்டும்தான்.

மெல்ல எழுந்து நாற்காலியைப் பார்த்தேன். காய்ந்தே இருந்தது. அங்கேயே குதிக்கலாம் போல இருந்தது.

மாமியார் வழக்கம்போல முன்பே உள்ளே போயிருந்தார். தட்டுகளை அடுக்கிக்கொண்டு நானும் போனேன். அவர் வந்து கதவைச் சாத்தினார். சபையில் இப்படியா சிரிப்பது என்று வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று நினைத்தேன்.

“பாத்திரம் கழுவுறப்ப வாய்க்குள்ளயே பத்து எண்ணுவியே, அதை எனக்கும் சொல்லிக் குடும்மா. உன் புருஷன் பொறந்ததுல இருந்து நான் வாய்விட்டுச் சிரிச்சதில்ல.”

என் கணவருக்கு வருகிற மாதம் நாற்பது முடிகிறது.

தட்டுகளைத் தொட்டியில் போட்டுவிட்டு, குழாயைத் திறந்துவிட்டு, அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

“மூச்சை மட்டும் பிடிக்காதீங்க அத்தை. ஒண்ணு.”