நாலாம் பந்தி

மூன்றாவது பந்தியும் உட்கார்ந்துவிட்டது. இன்பராஜை இன்னும் சாப்பிடக் கூப்பிடவில்லை கருத்தப்பாண்டி.

சாப்பிடக் கூப்பிடாமல் நிறுத்தி வைக்கத்தான் அவரை விசேஷத்துக்கே கூப்பிட்டிருந்தார்.

அருப்புக்கோட்டையில் மகன் விஜயபாண்டி கட்டிய புது வீட்டுக்கு இன்று பால்காய்ச்சு. இன்பராஜின் கடைக்கு நேரில் போய்ப் பத்திரிகை வைத்து, அவசியம் வரணும் என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு வந்தார்.

ஐம்பது வருஷமாக நெஞ்சில் கிடந்த ஆத்திரம் அது. எம்.ரெட்டியபட்டியில் இன்பராஜின் அப்பா பருத்திக்கடை வைத்திருந்தார். அவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் பன்னிரண்டு வயதுக் கருத்தப்பாண்டி இரண்டு நாள் கிணற்றில் தண்ணீர் இறைத்தான். பசி தாங்காமல் முதல் பந்தியில் உட்கார்ந்துவிட்டான். தோளைப் பிடித்துத் தூக்கிக் கொல்லைப்பக்கம் அனுப்பினார்கள். அவன் முறை வந்தபோது பாயசம் தீர்ந்துவிட்டது.

அன்றிலிருந்து எந்த விசேஷத்துக்குப் போனாலும் கருத்தப்பாண்டிக்கு முதல் பந்திதான். மேளம் நிற்பதற்குள் இலை முன்னால் இருப்பார். மருமகள் பிருந்தாவுக்குக்கூட அதில் கொஞ்சம் வெட்கம்.

வீட்டைக் காட்டுகிற சாக்கில் இன்பராஜை ஒரு மணி நேரம் இழுத்தடித்தார். தண்ணீர்த் தொட்டி, மோட்டார், மொட்டைமாடி. இன்பராஜும் சளைக்கவில்லை. போர் எத்தனை அடி, நிலைக்கதவு என்ன மரம் என்று துருவித் துருவிக் கேட்டார். கருத்தப்பாண்டிக்கு அதுதான் விளங்கவில்லை. இந்த மனுஷனுக்குப் பசிக்காதா? முகம் கொஞ்சமாவது சுண்ட வேண்டாமா? கடைக்காரர் வீட்டில் வளர்ந்தவர்கள் கோபத்தையும் கல்லாவில் போட்டுப் பூட்டிவிடுவார்களோ?

பிச்சையம்மாள் புருஷனைத் தனியே இழுத்தாள்.

"வந்தவுகளப் பட்டினி போடுறது என்ன பழக்கம்?"

"சின்ன வயசுலயே பழகுனதுதான்" என்றார் அவர்.

நாலாம் பந்தியில் இன்பராஜுக்குத் தானே இலை போட்டார். கை கழுவுகிற தொட்டியை ஒட்டின ஓரத்து இலை. பாயசம் காலி என்று கூசாமல் சொன்னார்.

"நல்லதாப் போச்சு, எனக்குச் சுகரு" என்றார் இன்பராஜ். கூடவே, கடை ஏவாரத்தைப் பார்த்துவிட்டுத்தான் சோறு என்று வளர்ந்ததால் மூன்று மணிக்கு முன்னால் தனக்குப் பசிப்பதே இல்லை என்றும் சொல்லிச் சிரித்தார்.

ஐம்பது வருஷத்து ஆத்திரம் அப்பளம் மாதிரி நொறுங்கிப் போனது. கருத்தப்பாண்டி சாம்பார் வாளியோடு அங்கேயே நின்றார்.

அடுத்தடுத்த இலைகளில் ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்தார்கள். அஸ்திவாரம் தோண்டிய நாள் முதல் இந்த வீட்டுக்குக் கல்லும் மண்ணும் சுமந்த சித்தாள்கள். பக்கத்து இலையில் இருந்த தங்கமாரியிடம் இன்பராஜ் பேச்சுக் கொடுத்தார். காலையில் வரும்போதே உங்களை வாசலில் பார்த்தேனே, இன்னுமா சாப்பிடவில்லை என்று கேட்டார்.

"மொதப் பந்தியிலயே உக்காந்தோம்யா. சொந்தபந்தம் சாப்பிடட்டும்னு மொதலாளி எந்திரிக்கச் சொல்லிட்டாக."

மொதலாளி என்றதும் கருத்தப்பாண்டியின் கண், பழக்கத்தில், இன்பராஜ் பக்கம் போனது.

தங்கமாரி பார்த்துக்கொண்டிருந்தது கருத்தப்பாண்டியை.

"நாங்களும் என்னைக்காச்சும் ஒரு வீடு கட்டாமயா போயிருவோம்?" என்று சிரித்தபடியே சோற்றைப் பிசைந்தாள். "அன்னைக்கு நீங்க கட்டாயம் வரணும், மொதலாளி."