ஒரு மணி நேரக் கோளாறு

"நாலு நாளா தூங்கலைங்கிறது உங்க சொந்த விஷயம். அதுக்காகத் தேர்வைத் தள்ளி வைக்க விதியில இடம் இல்லை."

நேற்று சாயங்காலம் பிரிவுத் தலைவி எல்லார் முன்னாலும் இப்படிச் சொல்லிவிட்டார். இன்று காலையிலும் அலுவலகத்தில் அதே பேச்சுதான்.

தள்ளி வைக்கச் சொல்லிக் கேட்டவள் தற்காலிகத் தட்டச்சர். ஆறு வருஷமாக அங்கே வேலை பார்க்கிறாள். நிரந்தரமாக வேண்டுமென்றால் தட்டச்சுத் தேர்வில் தேற வேண்டும். இரண்டு முறை கோட்டை விட்டாயிற்று. மூன்றாவது முறையும் போனால் இருக்கிற வேலையும் போய்விடும்.

இந்த நேரம் பார்த்து அவளுடைய மூன்று வயது மகள் நிமோனியாவில் படுத்துவிட்டாள். நாலு ராத்திரியும் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடியே கழிந்தது. தண்ணீர் டம்ளரைப் பிடித்தாலே அவளுக்குக் கை ஆடியது. கொஞ்சநாள் அவகாசம் போதும் என்றுதான் கேட்டாள். கிடைத்தது அந்தப் பதில்.

தலைவிக்கு அலுவலகம் வைத்திருந்த பெயர் 'கறார்'. அது போதாது, வேறு பெயர் யோசிக்க வேண்டும் என்றார் ஒரு குமாஸ்தா.

பத்து மணிக்குத் தட்டச்சர் தேர்வுக் கணினியின் முன் உட்கார்ந்தாள். பாஸ்வேர்டு அடித்தாள். திரை ஒரு விநாடி கறுத்தது. மறுபடியும் பாஸ்வேர்டு கேட்டது. திரும்ப அடித்தாள். திரும்பக் கறுத்து, திரும்பக் கேட்டது. ஐந்தாவது தடவையில் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

தலைவி வந்து ஒரு பார்வை பார்த்தார். சிஸ்டம்காரரைக் கூப்பிடச் சொல்லிவிட்டுத் தன் கண்ணாடி அறைக்குப் போய்விட்டார்.

பத்தேகாலுக்கு சிஸ்டம்காரர் வந்து சேர்ந்தார். அந்த அலுவலகத்தின் லினக்ஸ் கணினிகளோடு மல்லுக்கட்டியே பாதி முடியை இழந்த மனுஷர்.

"நான் ஒண்ணும் பண்ணலைங்க. பாஸ்வேர்டு சரியாத்தான் போட்டேன்" என்றாள் தட்டச்சர்.

"தப்பாப் போட்டா தப்புன்னு சொல்லியிருக்கும்மா. இது உள்ளே விட்டுட்டு, அடுத்த நொடியே வெளியே தள்ளுது. உங்க மேல தப்பில்லை."

மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தி, வெறும் எழுத்து மட்டும் ஓடும் கறுப்புத் திரைக்குப் போனார். அங்கே அதே பாஸ்வேர்டு மறுபேச்சில்லாமல் உள்ளே விட்டது. ஆக, கோளாறு வழக்கமான படத்திரைக்குள் நுழையும் வழியில் மட்டும்தான். டிஸ்க் நிரம்பிவிட்டதா என்று பார்த்தார், முக்கால்வாசி காலி. கோப்புகளின் அனுமதிகளைப் பார்த்தார். எல்லாம் ஒழுங்காக இருந்தன.

தலைவி அறை வாசலில் வந்து நின்றார்.

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"காரணம் தெரிஞ்சா ரெண்டு நிமிஷம் மேடம்."

"அவசரப்பட வேண்டாம். நிதானமா ஒண்ணொண்ணாப் பாருங்க. பதினோரு மணிக்குள்ள சரியாகலைன்னா, இயந்திரக் கோளாறுன்னு எழுதிப் பதினஞ்சு நாள் தள்ளி வைக்கணும். அது விதி."

இதிலும் விதிதானா என்று குமாஸ்தா முணுமுணுத்தார்.

பத்து முப்பத்தைந்துக்குப் பிடிபட்டது. படத்திரைக்குள் நுழைந்ததும் செய்ய வேண்டிய வேலைகளைக் கணினிக்குச் சொல்லும் கோப்பு ஒன்று. அதில் ஒரே ஒரு கட்டளைதான் இருந்தது: வெளியேறு.

கணினி தானாக இப்படி எழுதிக்கொள்ளாது. யாரோ எழுதியிருக்கிறார்கள், அதுவும் இன்று காலை எட்டு மணி ஏழு நிமிஷத்துக்கு, யாரும் வருவதற்கு முன்னால். சிஸ்டம்காரருக்குக் காது சூடாகிவிட்டது. பிள்ளையை ஆஸ்பத்திரியில் போட்டுவிட்டு வந்திருப்பவளின் பிழைப்பில் மண்ணள்ளிப் போட எவனுக்கு மனசு வந்தது? யாரென்று பார்த்து நேரே தலைவியிடம் சொல்லிவிடுவது என்று பதிவுகளைத் திறந்தார்.

எட்டு ஏழுக்கு அந்தக் கோப்பில் கைவைத்த பயனர் கணக்கு தலைவியுடையது.

இன்னொரு முறை படித்துப் பார்த்தார். சந்தேகமே இல்லை. கண்ணாடி அறைக்குள் தலைவி குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி குனிந்துகொண்டார்.

அந்த வரியை அழிக்க ஒரு விநாடி போதும். சிஸ்டம்காரர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார்.

"கோளாறு கொஞ்சம் பெரிசா இருக்கும்மா" என்றார் தட்டச்சரிடம். "எப்படியும் பதினொண்ணு தாண்டிடும். நீங்க போய்ப் பிள்ளையைப் பாருங்க."