புரியலைங்க

“இந்தப் பதினோராவது வரி எனக்குப் புரியலைங்க டாக்டரம்மா.”

டாக்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இது மூன்றாவது கூட்டம். முதல் கூட்டத்தில் நாலு வரி புரியவில்லை, இரண்டாவதில் ஆறு. உதவியாளர்கள் அந்த மனிதருக்கு ‘புரியலைங்க’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

மூட்டுவாதத்துக்குப் புது மாத்திரை ஒன்றைச் சோதித்துப் பார்க்க இருந்தார்கள். அதில் சேருகிறவர்கள் கையெழுத்துப் போட வேண்டிய சம்மதப் படிவத்தை நோயாளிகளும் பார்த்துச் சொல்லட்டும் என்று, மூட்டுவாத நோயாளிகள் சங்கத்திலிருந்து இரண்டு பேரை வரவழைத்திருந்தார்கள்.

ஒருவர் இவர். இன்னொருவர் சலவைக் கடையில் இஸ்திரி போடுகிற அம்மா. அவர் தங்கமானவர். கொடுத்த தாளை அடக்கமாகப் புரட்டிப் பார்த்து, “எல்லாம் சரிங்க” என்று வைத்துவிடுவார். இவர்தான் உயிரை வாங்கினார்.

“அதுல என்ன புரியலை?”

“‘தற்போதைய மருந்துகளின் விலக்கக் காலம் ஆறு வாரங்கள்’னு போட்டிருக்கு. அப்படின்னா?”

டாக்டர் பொறுமையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, பச்சைக் குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார்.

“இப்ப சாப்பிடற மாத்திரையை ஆறு வாரம் நிறுத்தணும். அப்புறம்தான் புதுசு.”

“நிறுத்தணுமா?”

கேட்டது அவர் இல்லை. இஸ்திரி போடுகிற அம்மா.

“ரெண்டு நாள் விட்டாலே விரல் மடங்காதுங்க. பெட்டியைப் பிடிக்க முடியாது. ஆறு வாரம்னா என் வேலையே போயிடும். நான் சேர்றேன்னு பேர் வேற குடுத்துட்டேனே.”

டாக்டர் தன் குறிப்புகளைப் புரட்டினார். அந்த ஆறு வாரம், பழைய ஆய்வு ஒன்றிலிருந்து அப்படியே எடுத்து எழுதியது. இந்த மாத்திரைக்கு அவ்வளவு நாள் வேண்டுமா என்று அவரோ மற்றவர்களோ யோசித்திருக்கவில்லை. உட்கார்ந்து பேசிப் பார்த்ததில் பத்து நாளே போதும் என்று தெரிந்தது. அந்தப் பத்து நாளுக்கும் வலி தெரியாமல் இருக்க வேறு மாத்திரை தரலாம் என்றும் எழுதிக்கொண்டார்கள்.

கூட்டம் கலைந்ததும் டாக்டர் சங்கச் செயலாளருக்குப் போன் போட்டார். சந்தேகம் கேட்டுக்கொண்டே இருப்பவர் நல்ல மனிதர்தான், ஆனால் படிக்கவே சிரமப்படுகிறார், அடுத்த தடவை கொஞ்சம் படித்தவராக அனுப்ப முடியுமா என்று பக்குவமாகக் கேட்டார்.

செயலாளர் சிரித்துவிட்டார். “அவரா டாக்டர்? கோர்ட்டுல இருபது வருஷமா மொழிபெயர்ப்பாளர். உங்க ஆராய்ச்சிக் கட்டுரையெல்லாம் எங்களுக்குத் தமிழ்ல எழுதித் தர்றதே அவர்தான்.”

டாக்டர் விறுவிறுவென்று படியிறங்கினார். அந்த மனிதர் வாசலில் ஆட்டோவுக்காக நின்றுகொண்டிருந்தார்.

“உங்களுக்கு எல்லாமே புரிஞ்சிருக்கு. அப்புறம் ஏன் சார் ஒவ்வொரு தடவையும் புரியலைன்னீங்க?”

அவர் கொஞ்சம் சங்கடப்பட்டார். அந்த அம்மா தூரத்தில் போய்விட்டாரா என்று ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

“அவங்களுக்குப் புரியலைங்க. அதை வெளியே சொல்ல அவங்களுக்குக் கூச்சம். எனக்கு அந்தக் கூச்சம் இல்லை, அதான்.”