எதிர்பார்க்கும் பதில்

பயிற்சி ஆசிரியை ஜெசிந்தா, மாணவர்கள் சொல்லப்போகும் பதிலையும் முதல்நாளே பாடக்குறிப்பேட்டில் எழுதிவைக்க வேண்டும். 'தண்ணீர் எங்கிருந்து கிடைக்கிறது?' என்பதற்கு 'ஆறு, குளம், மழை' என்று எழுதியிருந்தாள். வகுப்பில் அகல்யா எழுந்து, "லாரியில வரும் மிஸ். சண்டை போட்டாத்தான் கிடைக்கும்" என்றாள். ஜெசிந்தா அதையும் ஏட்டில் சேர்த்தாள்.

வழிகாட்டி ஆசிரியர் அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்தார். "புள்ளைங்கள முன்னாடியே தயார் பண்ணமாட்டியாம்மா? வேற எழுதிட்டு வா, கையெழுத்துப் போடறேன்."

"அவ சொன்னது தப்பா சார்?"

"நீ இன்னும் டீச்சர் ஆகல."

ஜெசிந்தாவுக்குச் சுரீரென்றது. பயிற்சிக்கு வந்தவர்கள் சிவப்புப் பேனாவைத் தொடக்கூடாது. அவர் மேசையிலிருந்த அதையே எடுத்து, அடித்த வரியின்மேல் பக்கம் கிழிய ஒரு டிக் போட்டு, ஏட்டை அவர்முன் தள்ளினாள்.

"இப்பப் போடுங்க சார், கையெழுத்து."